லாக்கர் செய்வது நாங்கள், உத்யம் சான்றிதழில் 'டிரேடிங்' என்று இருக்கிறது. டெண்டரில் சலுகை கிடையாது என்கிறார்கள். என்ன செய்வது?

கப்பலூர்_பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாக மனசே சரியில்லை.

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோவில் எங்கள் பட்டறை. பீரோ, ரேக், கம்பெனிகளில் தொழிலாளர்கள் துணிமணி வைக்கும் லாக்கர், இவைதான் எங்கள் வேலை. மாமனார் 1991-இல் புதூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்தது. அவர் காலமான பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பங்குதாரர்கள், ஆளுக்குப் பாதி. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். தகடு வெட்டுவது, வளைப்பது, ஸ்பாட் வெல்டிங், கதவு பொருத்துவது எல்லாம் எங்கள் கூரைக்குக் கீழேதான். பவுடர் கோட்டிங் மட்டும் இரண்டு தெரு தள்ளி இன்னொரு யூனிட்டில் கூலிக்குக் கொடுத்து வாங்குகிறோம். போன வருஷ விற்பனை 1 கோடியே 35 லட்சம்.

அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையத் தளத்தில் ஒரு மத்திய அரசு நிறுவனம் 240 லாக்கர் கேட்டு பிட், அதாவது டெண்டர், போட்டிருந்தது. முன்பணம், அதாவது இஎம்டி, 43,000 ரூபாய். உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருந்தால் கட்ட வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சான்றிதழை ஏற்றிவிட்டு ஒரு லாக்கர் 9,100 என்று விலை போட்டோம். நாலு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்துப் போட்ட விலை. விலையைத் திறக்கும் முன் தாள்களைப் பார்க்கும் டெக்னிக்கல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: 'வணிகர், இஎம்டி விலக்கு பொருந்தாது.'

வணிகரா? எங்கள் ஆட்கள் கையில் வெல்டிங் தீக்காயம் இல்லாத ஆளே கிடையாது. கோபத்தோடு சான்றிதழை எடுத்துப் பார்த்தால், முக்கியத் தொழில் என்ற இடத்தில் 'டிரேடிங்' என்று அச்சாகியிருக்கிறது. 2022-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்துப் பதிவு செய்தோம். அந்தப் பையன் "கடையா அக்கா?" என்று கேட்டான். பட்டறைக்கு முன்னால் ஒரு சின்ன ஷோரூம் வைத்திருக்கிறோம், அதை நினைத்து "ஆமாம், கடையும் உண்டு" என்றேன். அந்த ஒரு வார்த்தை இங்கே வந்து நிற்கிறது.

இதைத் திருத்த முடியுமா? திருத்தினால் அந்த 240 லாக்கரைத் திரும்பக் கேட்கலாமா? பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறதாமே, பாதிப் பங்கு வைத்திருக்கும் எனக்கு அது வருமா? முழுப் பங்கையும் என் பேருக்கு எழுதிவிட்டால் ஆர்டர் தானாக வரும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அவர் கேட்கும் கமிஷன் தனி. மைக்ரோ, ஸ்மால் என்று வேறு சொல்கிறார்கள், நாங்கள் எதில் வருகிறோம் என்பதுகூட எனக்குத் தெளிவாக இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சிவகாசி_அச்சகம் எழுதியது:

அக்கா, முதல் விஷயம். உத்யம் பதிவுக்குப் பத்து பைசா கட்டணம் கிடையாது. பதிவதற்கும் கிடையாது, திருத்துவதற்கும் கிடையாது. அரசுத் தளம் மாதிரியே தோற்றம் வைத்துக்கொண்டு 1,500, 2,500 என்று பிடுங்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. முகவரியில் கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஆதாரோடு இணைத்த போன் கையில் இருக்கட்டும், ஓடிபி வரும். எனக்கும் இதே கதைதான். டைரியும் காலண்டரும் நானே அச்சடிக்கிறேன், சான்றிதழில் பேப்பர் வியாபாரம் என்று இருந்தது. அரை மணி நேரத்தில் நானே திருத்தினேன்.

இந்த முறை யாரிடமும் கொடுக்காதீர்கள். நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

---

ஸ்டோர்ஸ்_26வருஷம் எழுதியது:

அம்மா, நான் ஒரு மத்திய பொதுத்துறை நிறுவனத்தில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் பிரிவில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களின் தாள்களைத் திருப்பிப் பார்த்தவன். உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்படித் தள்ளிய கோப்புகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும், இவர் நிஜமாகவே செய்கிறவராக இருந்தால் என்ன செய்வது என்று வயிற்றில் ஒரு சங்கடம் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அதிகாரி தாளை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும். உங்கள் தாளில் வணிகர் என்று இருந்தது. அவர்கள் செய்தது விதிப்படி சரி. அந்த 240-ஐ மறந்துவிடுங்கள். பிட் முடியும் நாளில் கையில் என்ன சான்றிதழ் இருந்ததோ அதுதான் கணக்கு. பின்னால் திருத்தியதை முன்தேதிக்குக் கொண்டுபோக முடியாது.

இந்த வணிகர் விவகாரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் 11-ஆம் பிரிவின் கீழ் 2012 மார்ச்சில் ஒரு கொள்முதல் ஆணை போட்டார்கள். மத்திய அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது ஆணை. 2015 ஏப்ரலில் கட்டாயம் ஆனது. 2018 நவம்பரில் திருத்தி 25 சதவீதம் ஆக்கினார்கள். இந்த ஆணை சொல்வது, இந்த நிறுவனங்கள் 'உற்பத்தி செய்யும்' பொருள், 'வழங்கும்' சேவை. வாங்கி விற்பவருக்கு இதில் இடமே கிடையாது. பிறகு 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யமில் பதியலாம் என்று கதவு திறந்தார்கள். ஆனால் அது வங்கியில் முன்னுரிமைக் கடன் கிடைப்பதற்கு மட்டும். இங்கேதான் ஊர் முழுக்கக் குழப்பம். உற்பத்தியாளர், வியாபாரி இருவர் கையிலும் ஒரே மாதிரி சான்றிதழ், ஒரே மாதிரி எண். ஒருவருக்கு டெண்டரில் சலுகை உண்டு, இன்னொருவருக்கு இல்லை. வித்தியாசம் அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதற்குக் கீழே, தொழில் வகையைக் காட்டும் என்ஐசி குறியீட்டில் இருக்கிறது. 45, 46, 47 என்று தொடங்கினால் வியாபாரம். நாற்காலி, மேசை, பீரோ மாதிரி தளவாட உற்பத்திக்கு 31-இல் தொடங்கும். உங்களுடையதில் எது இருக்கிறது என்று பாருங்கள். முக்கியத் தொழில் என்ற இடத்தில் உற்பத்தி என்று மாற்றி, 31-இல் உலோகத் தளவாடத்துக்கு உள்ள குறியீட்டைச் சேருங்கள். ஷோரூம் வியாபாரம் சின்ன அளவில் இருந்தால் அதன் குறியீடு கூடவே இருந்துவிட்டுப் போகட்டும், முக்கியத் தொழில் அது இல்லையே.

இன்னொரு சந்தேகம் எனக்கு. ஜெம்மில் பிட் போடும்போது எந்தப் பொருளைக் காட்டினீர்கள்? உங்கள் சொந்த பிராண்டாக ஏற்றிய லாக்கரா, இல்லை வேறு கம்பெனியின் பொருளை மறுவிற்பனையாளராக எடுத்துக் காட்டினீர்களா? இரண்டாவது என்றால் சான்றிதழில் உற்பத்தி என்று இருந்தாலும் விலைச் சலுகை வராது. அந்த பிட்டில் கொடுக்கும் அந்தப் பொருளை நீங்களே செய்ய வேண்டும்.

மைக்ரோவா ஸ்மாலா என்று கேட்டீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி வரை, விற்பனை 10 கோடி வரை என்றால் மைக்ரோ, அதாவது குறு. 25 கோடி, 100 கோடி வரை ஸ்மால், அதாவது சிறு. இரண்டில் ஒன்று தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள். நிலமும் கட்டடமும் முதலீட்டில் சேராது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மைக்ரோ. ஆனால் டெண்டரைப் பொறுத்தவரை மைக்ரோவும் ஸ்மாலும் ஒன்றுதான், அதைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம். நடுத்தரம் ஆகும்போதுதான் சலுகை நிற்கும்.

பெண்கள் பங்கு பற்றி. கூட்டு நிறுவனம் என்றால் பெண் பங்குதாரர்களிடம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். பாதி போதாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனத்துக்கும் அதே 51 அளவுகோல்தான், அவர்களுக்கு 4 சதவீதம். ஆனால் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 3 சதவீதம், 4 சதவீதம் என்பதெல்லாம் அந்தத் துறை ஒரு வருஷம் முழுக்க வாங்குவதில் எட்ட வேண்டிய இலக்கு. ஒவ்வொரு டெண்டரிலும் உங்களுக்கென்று எடுத்து வைத்த தட்டு கிடையாது. பங்கை மாற்றி எழுதினால் ஆர்டர் தானாக வரும் என்று அந்த ஏஜென்ட் சொன்னது சுத்தப் பொய்.

பங்கை மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. பட்டறையை யார் நடத்துகிறார்கள்? தகடு வாங்குவது, கூலி கொடுப்பது, வங்கிக்குப் போவது எல்லாம் நீங்கள்தான் என்றால் 51 உங்களிடம் இருப்பதில் ஒரு தவறும் இல்லை, ஆடிட்டரிடம் சொல்லி ஒப்பந்தப் பத்திரத்தைத் திருத்துங்கள். டெண்டருக்காகப் பெண் பேரை முன்னால் நிறுத்திவிட்டு அவருக்கு ஒன்றுமே தெரியாமல் வைத்திருக்கும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட மட்டும் வருவார்கள். என்ன தாள் என்று கேட்கக்கூட அவர்களுக்குத் துணிச்சல் இருக்காது. கடன், வழக்கு எதுவானாலும் முதலில் அவர்கள் தலையில்தான் விடியும். பார்க்கவே வேதனையாக இருக்கும். உங்கள் விஷயம் அப்படி இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

---

கப்பலூர்_பட்டறை எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. லாக்கர் படம் எடுத்து, அளவு போட்டு ஏற்ற நேரம் இல்லை என்று ஏற்கெனவே தளத்தில் இருந்த வேறொரு பிராண்டைக் காட்டித்தான் போட்டோம். வேலை கிடைத்தால் நாமே செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அது தப்பு என்று தெரியவில்லை.

கணக்குப் புத்தகம், வங்கி, ஜிஎஸ்டி எல்லாம் பன்னிரண்டு வருஷமாக நான்தான். அவர் பட்டறைக்குள். 51 விஷயம் பேசியதும் அவரே "இதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. சீசனில் ஆர்டர் நெருக்கினால் திண்டுக்கல் பக்கம் ஒருவரிடம் தயார் லாக்கர் ஐம்பது, அறுபது வாங்கிச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பவுடர் கோட்டிங்கும் வெளியே. இதனால் நாங்கள் வணிகர் ஆகிவிடுவோமா? பிறகு, எங்கள் விலை 9,100. அந்த பிட்டில் கடைசியில் வென்றவர் ஒரு பெரிய கம்பெனி, 8,200. சலுகை கிடைத்திருந்தால் எங்களுக்கு 9,100-க்கே ஆர்டர் கிடைத்திருக்குமா?

---

ஸ்டோர்ஸ்_26வருஷம் எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

கிடைத்திருக்காது. விதி இதுதான்: மிகக் குறைந்த விலை போட்டவர், எல்1 என்பார்கள், அவர் குறு சிறு நிறுவனம் இல்லை என்றால், அவர் விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருக்கும் சிறு நிறுவனத்தைக் கூப்பிட்டு, அதே எல்1 விலைக்கு இறங்கி வருகிறீர்களா என்று கேட்பார்கள். 8,200-க்கு மேல் 15 சதவீதம் என்றால் 9,430. உங்கள் 9,100 அதற்குள் வருகிறது. நீங்கள் 8,200-க்கு ஒப்புக்கொண்டால் மொத்தத்தில் குறைந்தது கால் பங்கு, அதாவது 60 லாக்கர் உங்களுக்கு. உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் அந்த வரம்புக்குள் இருந்தால் அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிரிக்க முடியாத பொருள் என்றால் முழுவதையும் ஒருவருக்கே தரலாம். எல்1 ஏற்கெனவே ஒரு சிறு நிறுவனம்தான் என்றால் இந்தப் பேச்சே எழாது.

இப்போது உங்கள் அடக்க விலை என்ன? 8,450 என்று வைத்துக்கொள்வோம். 60 லாக்கர், ஒன்றுக்கு 250 நஷ்டம், 15,000 கையை விட்டுப் போகும். அதற்கு மேல் லாரி வாடகை. சலுகை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு, பிறகு 22 கேஜ் தகட்டுக்குப் பதில் மெல்லிய தகடு போட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இறங்கி வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடியாது என்று சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பிட் போடுவதற்கு முன்னாலேயே எதுவரை இறங்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலில் இன்னொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அந்த ஆணையோடு 358 பொருள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அவற்றை மத்திய அரசு நிறுவனங்கள் குறு, சிறு நிறுவனங்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டும். இரும்பு பீரோ, நாற்காலி, ரேக், ஸ்டூல், கட்டில், டிரங்குப் பெட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே பெரிய கம்பெனி உங்களோடு போட்டிக்கே வர முடியாது. போட்டி உங்களைப் போன்ற பட்டறைக்கும் பட்டறைக்கும்தான். லாக்கர் மேலேயே கண்ணாக இருக்காமல் பீரோ, ரேக் பிட்டுகளைத் தேடுங்கள். பட்டியலில் உள்ள பொருளுக்குப் பொது பிட் விட்டிருந்தால், பிட் முடியும் முன்பே பணிவாக ஒரு கேள்வி எழுப்புங்கள். பொறுப்பான அதிகாரி திருத்திவிடுவார். எனக்கு ஒரு தடவை ஒரு ரேக் பட்டறைக்காரர் இப்படிக் கடிதம் போட்டு என் தவறைத் திருத்தியிருக்கிறார். இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

பவுடர் கோட்டிங் வெளியே கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. தகடாக உள்ளே வந்து லாக்கராக வெளியே போகிறது, செய்பவர் நீங்கள்தான். கூலி வேலைக்கு அனுப்பிய சலானும் பில்லும் ஒழுங்காக வைத்திருங்கள். ஆனால் தயார் லாக்கர் வாங்கிச் சேர்ப்பதை, சலுகை பெற்ற ஆர்டரில் தயவுசெய்து செய்யாதீர்கள். தனியார் ஆர்டரில் செய்துகொள்ளுங்கள், அது உங்கள் வியாபாரம். அரசு ஆர்டரில் உற்பத்தியாளர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக் கொடுத்தால் அது பொய்ச் சான்று. ஆய்வுக்குப் பட்டறைக்கே வருவார்கள், பில்லைக் கேட்பார்கள். பிடிபட்டால் 2 வருஷம் வரை தடை செய்ய பொது நிதி விதிகளில் இடம் இருக்கிறது. உங்கள் ஒன்பது பேர் எத்தனை நாளில் எத்தனை முடிப்பார்களோ, அந்த அளவுக்கு மட்டும் பிட் போடுங்கள்.

---

திருப்பூர்_பனியன் எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் யூனிட் மாதிரி வளர்ந்துவிட்டால் சலுகை ஒரே நாளில் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக. 2022 அக்டோபரில் வந்த அறிவிப்புப்படி, மேல் வகைக்குப் போன நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு, வரி சாராத பழைய சலுகைகள் தொடரும். ஏற்றுமதி விற்பனை வகைக் கணக்கில் சேராது. இது தெரியாமல் என் மச்சான், விற்பனை கூடிவிடுமே என்று நல்ல ஆர்டர் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். மனசு ஆறவே இல்லை.

ஒரே பான் எண்ணில் எத்தனை ஜிஎஸ்டி எண் இருந்தாலும் எல்லாம் சேர்த்து ஒரே நிறுவனம்தான். தனி உரிமையாளர் ஒருவர் இரண்டு யூனிட்டுக்கு இரண்டு உத்யம் வாங்க முடியாது.

---

விருதுநகர்_பெயின்டர் எழுதியது:

ஐயா, நான் கட்டடங்களுக்கு வெள்ளை அடிப்பது, சின்னச் சின்ன சிவில் வேலை எடுப்பது. எனக்கும் உத்யம் இருக்கிறது. எனக்கும் இந்த 15 சதவீதம் பொருந்துமா? தமிழ்நாடு அரசு டெண்டரிலும் இதே சட்டம்தானா?

---

ஸ்டோர்ஸ்_26வருஷம் எழுதியது:

தம்பி, கட்டுமான வேலை ஒப்பந்தத்துக்கு இந்த ஆணை பொருந்தாது. பொருளுக்கும் சேவைக்கும்தான். உத்யம் சான்றிதழை நம்பி இஎம்டி கட்டாமல் விட்டுவிடாதீர்கள், அந்த டெண்டர் ஆவணம் சொல்கிறபடியே செய்யுங்கள்.

மாநில அரசு டெண்டர் தனி உலகம். தமிழ்நாட்டுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-ஆம் ஆண்டு விதிகள் என்று தனியாக இருக்கின்றன. அங்கேயும் சிறுதொழிலுக்குச் சலுகை உண்டு, ஆனால் நான் மேலே சொன்ன 25, 3, 358 எல்லாம் மத்திய அரசுக் கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போய் மாநில அலுவலகத்தில் வாதாட வேண்டாம். உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். நேரில் போகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

கப்பலூர் அம்மாவுக்கு மறந்துபோன இரண்டு விஷயம். ஜெம் பிட் ஆவணத்தில், அனுபவம், விற்பனை அளவு ஆகியவற்றில் சிறு நிறுவனத்துக்குத் தளர்வு உண்டா என்று ஒரு வரி இருக்கும். அதில் இல்லை என்று போட்டிருந்தால் தளர்வு கிடையாது, உத்யம் காட்டினாலும் கிடையாது. அந்தத் தளர்வு வாங்குபவர் விருப்பத்துக்கு உட்பட்டது. தரமும் தொழில்நுட்பத் தேவையும் குறையக் கூடாது என்பது நிபந்தனை. பாதுகாப்பு, உடல்நலம் சம்பந்தப்பட்ட பொருள்களில் கொடுக்க மாட்டார்கள். முதலில் அந்த வரியைப் படித்துவிட்டு மற்றப் பக்கங்களுக்குப் போங்கள். அடுத்தது, இஎம்டி விலக்கு என்பது பிட் போடும்போது மட்டும். ஆர்டர் கிடைத்ததும் செயல்திறன் உத்தரவாதம், அதாவது வேலையை ஒழுங்காக முடிப்பதற்கான பிணை, கேட்டால் அதைக் கட்டியே ஆக வேண்டும், அதற்கு விலக்கு இல்லை. வங்கியில் உத்தரவாதப் பத்திரம் எடுக்க என்ன வைப்பு கேட்பார்கள் என்று இப்போதே மேலாளரிடம் பேசி வையுங்கள். ஆர்டர் கையில் வந்த பிறகு இதற்காக நகையை வைத்தவர்கள் உண்டு.

---

சிவகாசி_அச்சகம் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. பொருள் கொடுத்தபிறகு பணம் வராமல் இழுத்தால் என்ன செய்வது என்றும் அக்கா தெரிந்துகொள்ள வேண்டும். 2006 சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் 16-ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் விண்ணப்பித்தால், இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதிப்படுத்தும் மன்றத்துக்குப் போகும், மதுரையிலேயே ஒரு மன்றம் இருக்கிறது. மன்றத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் 2 லட்சத்துக்கு மேல் பதினொரு மாதம் நின்றது. விண்ணப்ப நகலை அனுப்பியதும் மூன்றாம் வாரம் அசல் வந்தது. வட்டியை நான் விட்டுக்கொடுத்தேன், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று. விட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் இதற்கும் சப்ளைக்கு முன்னாலேயே சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். தகராறு வந்தபிறகு பதிவு செய்தவர்கள் நீதிமன்றத்தில் படாத பாடு பட்டிருக்கிறார்கள்.

---

கப்பலூர்_பட்டறை எழுதியது:

ஆறு வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

சான்றிதழை நானே திருத்தினேன். முக்கியத் தொழில் உற்பத்தி, 31-இல் இரும்புத் தளவாடம். ஓடிபி வீட்டுக்காரர் போனுக்குப் போக, அவர் அரைமணி நேரம் பிரஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சத்தத்தில் நின்றிருந்ததால் மூன்று முறை காலாவதியானது. பத்திரம் 51-49 ஆக மாறிவிட்டது. ரேக் நாலு மாடல், பீரோ இரண்டு மாடல் எங்கள் சொந்தப் பேரில் தளத்தில் ஏற்றினோம். படம் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பட்டறையைக் கழுவினோம். மாமனார் காலத்து வளைக்கும் இயந்திரத்தையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள் ஆட்கள்.

இரண்டு பிட் போட்டோம். முதலாவதில் எங்கள் விலை மூன்றாவதாக வந்தது, எல்1 இன்னொரு சிறு பட்டறை. அவர்களுக்கே போனது. கஷ்டமாக இருந்தாலும் ஏன் என்று இந்த முறை புரிந்தது. இரண்டாவது, 60 ரேக். ஆவணத்தில் அந்தத் தளர்வு வரியை முதலில் பார்த்தேன், ஆம் என்று இருந்தது. இஎம்டி விலக்கு ஏற்றுக்கொண்டார்கள், டெக்னிக்கலில் தேறியாகிவிட்டது. விலை இன்னும் திறக்கவில்லை. எதுவரை இறங்கலாம் என்று ஐயா சொன்னபடி ஒரு தாளில் எழுதி, கல்லாப் பெட்டியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வங்கி மேலாளரிடம் உத்தரவாதப் பத்திரம் பற்றிப் பேசியாகிவிட்டது, வைப்பாக 30,000 கேட்கிறார்.

ஐயா, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆய்வுக்கு வருகிறவர்கள் பவுடர் கோட்டிங் யூனிட்டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டால் கூட்டிப் போகலாமா? அந்தப் பையனிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டுமா?

---

ஸ்டோர்ஸ்_26வருஷம் எழுதியது:

கூட்டிப் போங்கள் அம்மா. மறைக்க ஒன்றும் இல்லையே. இப்போதே சொல்லி வையுங்கள். பூச்சின் தடிமன் அளந்த அறிக்கையை ஒவ்வொரு லாட்டுக்கும் அவரிடம் கையெழுத்தோடு வாங்கிக் கோப்பில் போடுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். விலை திறந்ததும் எழுதுங்கள்.